பட்டாளத்தய்யாவைத் தேடிப்போன படைப்புழு

ஒரு மனிதனுக்கு மைக்கும் முன்னோரும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடக் கூடாது. தனித்தனியாகக் கிடைத்தால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் ஒரே பந்தலில் கிடைத்தன, அதுவும் என் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில். அன்றிலிருந்து எங்கள் சொந்தபந்தத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், மைக் செட் போடுகிறவர் என்னைக் கண்டதும் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிடுகிறார். (மிகைப்படுத்தவில்லை. ஒருவர் பெட்டியையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.)

கோவில்பட்டியில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. உரம், விதை, பூச்சி மருந்து, கூடவே இலவசமாக என் பேச்சு. சொந்த ஊர் நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். மழை பெய்த வருஷம் செருப்பில் மண் அப்பிக்கொண்டு நடக்க முடியாது. பெய்யாத வருஷம் நிலத்து வெடிப்பில் கால் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. அண்ணன் பெரியசாமி அங்கேயே இருந்து உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு அந்த மண்ணோடு மல்லுக்கட்டுகிறார். நான் டவுனில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு ஆலோசனை சொல்வேன்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பட்டாளத்தார் வீடு என்று பெயர். ஊருக்கு வடக்கே உடைமரங்களுக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. முறுக்கிய மீசை, இடது கையில் வாள். அவர்தான் எங்கள் குலசாமி, பட்டாளத்தய்யா. பாளையக்காரர் காலத்தில் கோட்டையில் கும்பினிக்காரனோடு சண்டை வந்தபோது ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள் அல்லவா, அந்தப் படையில் போனவர். சம்பளப் பட்டாளம் எல்லாம் கிடையாது. ஏர் பிடித்துக்கொண்டிருந்தவன் ஏரைப் போட்டுவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் குலசாமி என்பது வெறும் சாமி இல்லை, கிட்டத்தட்ட ஆதார் கார்டு. ஒரே குலசாமியைத் தகப்பன் வழியில் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள். பங்காளி என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி முறை. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. (இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால்தான் இந்தக் கட்டுரை.)

பட்டாளத்தய்யாவைப் பற்றி வீட்டில் தெரிந்தது மூன்றே விஷயம். போனார். இடது கைக்காரர். சுட்ட கருவாடு என்றால் உயிரை விடுவார். அதனால் பங்குனி உத்திரத்தன்று அவருக்குக் கம்மஞ்சோறும் சுட்ட கருவாடும் படைப்போம். அந்தப் படையலில் சில விநோதங்கள் உண்டு. ஆண்கள் விளக்கு ஏற்றக் கூடாது. வீட்டுக்கு வந்த மருமகள்களும் ஏற்றக் கூடாது. வீட்டில் பிறந்த பெண்தான் ஏற்ற வேண்டும். எங்கள் அத்தை ஏற்றினாள், பிறகு அக்கா, அப்புறம் அண்ணன் மகள் செல்வி. அண்ணன் மனைவியான மதினிக்கு இதில் தீராத மனத்தாங்கல். “வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அடுப்பு மட்டும் நான் பத்த வைக்கணும், வெளக்கு மட்டும் தொடக் கூடாதாக்கும்” என்று வருஷா வருஷம் பாத்திரத்தை நங்கென்று வைப்பார்.

ஆண்கள் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடைசியில் செல்வி ஆளுக்கொரு துண்டை எடுத்து, “சாமி குடுக்காரு” என்று நீட்டுவாள். பணிவாக வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் நான் கண்டுபிடித்திருந்த விளக்கத்தைக் கேளுங்கள். ஒதுங்கி நிற்பது, தளபதி முன்னால் படைவீரர்கள் அணிவகுத்து நிற்கும் ஒழுக்கம். வேட்டியை இறக்குவது, ராணுவ மரியாதை. துண்டு வழங்குவது, பண்டைய சீருடை வழங்கும் மரபின் எச்சம்! இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அன்றைக்குப் பிடித்த சனி அது.

அந்தக் குழுவில் யாரைக் கேட்டாலும் பாட்டன் தளபதி, முப்பாட்டன் அமைச்சர். எனக்கு மட்டும் போனவர் ஒருவர், கருவாடு ஒன்று. பொறாமை தாங்காமல் ஆராய்ச்சியில் இறங்கினேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பைக்கில் மண்மேடு மண்மேடாக அலைந்தேன். ஒரு மேட்டில் உருண்டையாக ஒரு கருங்கல் கிடைத்தது. கும்பினியின் பீரங்கிக் குண்டு என்று முடிவு கட்டி, துண்டில் சுற்றி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவீட்டில் வைத்தேன்.

மதினி அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்கல்லுக் கொழவில்லா இது? முனை ஒடைஞ்சிருக்கு. எவ வீட்டுல தூக்கிப் போட்டாளோ” என்றார்.

எனக்குத் தெரிந்த வயசாளி ஒருவரிடம் போய்ப் பட்டாளத்தய்யாவின் வீரச்செயல்களைக் கேட்டேன். “அவரு போனாரு” என்றார். அப்புறம்? “அப்புறம் என்ன, போனாருல்லா?” என்றார். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் கட்டி எழுப்பியதுதான் மிச்சம் அத்தனையும். கோட்டை வாசலில் தனி ஆளாக நின்றது, இடது கையால் வெள்ளைக்காரனின் குதிரையை மறித்தது, நெஞ்சில் குண்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே சாய்ந்தது. சிரித்தபடி சாய்ந்த இடத்தை எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

கடைக்கு வருகிற சம்சாரிகள் பாவம். அந்த வருஷம் பார்த்து மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, குருத்தெல்லாம் சல்லடையாகக் கிடந்தது. “அண்ணாச்சி, படைப்புழுவுக்கு மருந்து குடுங்க” என்று பதறியடித்துக்கொண்டு வருவார்கள். எனக்குப் ‘படை’ என்பதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. “படைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போடுவேன். அவர்கள் கதை கேட்டு முடித்து வீட்டுக்குப் போவதற்குள் புழு பக்கத்து வயலுக்குப் போயிருக்கும். ஊரில் எனக்குப் ‘படைப்புழு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் செல்விக்கு வரன் கூடிவந்தது. செல்வி தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். வந்த வரனை எல்லாம் தட்டிக்கழித்து அண்ணனைப் பாதி ஆளாக்கியிருந்தாள். குளத்தூருக்கு அந்தப் பக்கத்துப் பையன் முத்து வந்து பார்த்துவிட்டுப் போனதும், அவளே மதினியிடம் வந்து, “எனக்குப் பிடிச்சிருக்கும்மா” என்றாள். அவர்களுக்கு உப்பளத்து வேலை, கொஞ்சம் மானாவாரிக் காடு. பையன் எலக்ட்ரீசியன். அதற்குப் பிறகு செல்வியின் கையில் போன் ஒட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் முகத்தில் ரத்தம் ஊறியதை நான் பார்த்தேன்.

பேச்சு ஆரம்பிக்கும்போதே முறைப்படி குலசாமியைக் கேட்டோம். “எங்களுக்குப் பட்டாளத்தய்யா” என்றார் அண்ணன். “எங்களுக்கு வந்தாரய்யா” என்றார்கள் அவர்கள். பெயர் வேறு, ஊர் வேறு, திசையே வேறு. இரண்டு பக்கமும் திருப்தியாக வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்கள். எங்கிருந்து வந்தாரய்யா என்று கேட்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆராய்ச்சியாளரான எனக்கே தோன்றவில்லை.

நிச்சயதார்த்தம் எங்கள் ஊரில், அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. என் பங்குக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைப்பதென்று முடிவு செய்தேன். மேலே பட்டாளத்தய்யா, அவருக்குக் கீழே கிளை கிளையாக எங்கள் வம்சம், ஒரு நுனியில் செல்வி. கோவில்பட்டியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பி, “அய்யா போட்டோ இருக்கா?” என்று கேட்டான். கும்பினி காலத்து ஆளுக்குப் போட்டோவுக்கு எங்கே போவேன்? அவன் என்னையே ஒரு போட்டோ எடுத்து, மீசையை வளர்த்து, தலைப்பாகை கட்டி, கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பும் போட்டுவிட்டான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. (எனக்கு.)

ஆனால் வாளை வலது கையில் கொடுத்திருந்தான். நான் விடுவேனா? “வரலாற்றுப் பிழை தம்பி. இடது கைல மாத்து” என்று அவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மாற்ற வைத்தேன். அந்த வாள் வலது கையிலேயே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த ஒரே ஆராய்ச்சித் திருத்தம் அதுதான்.

நிச்சயத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பந்தலில் நான் பத்தடி உயரத்துக்கு வாளோடு நிற்பதைப் பார்த்து ஒரு பெண் பதறிப் பின்வாங்கினாள். காபி ஆயிற்று, கேசரி ஆயிற்று. தாம்பூலத் தட்டு கைமாற வேண்டியதுதான் பாக்கி. மதினி தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் நான், “ரெண்டே நிமிஷம்” என்று மைக்கைப் பிடித்தேன்.

“ஏலே, தட்டை மாத்திட்டுப் பேசுல” என்றார் அண்ணன். கேட்டேனா?

“இது சாதாரண வீடு இல்லை!” என்று ஆரம்பித்தேன். கோட்டை, குதிரை, குண்டு, எல்லாவற்றையும் வரிசையாக இறக்கினேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் என் வீரத்தை ஊரின் கடைசி வீடு வரை கொண்டுபோயிற்று. “முதுகு காட்டாத பரம்பரை! எங்கள் பட்டாளத்தய்யா போனார்! போனவர் திரும்பவே இல்லை! இடது கையில் பிடித்த வாளோடு கோட்டை வாசலில் வீரமரணம்!”

மாப்பிள்ளையின் பெரியப்பா ஆறுமுகம் அண்ணாச்சி, வந்ததிலிருந்து அந்த ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக எழுந்தார்.

“தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. அவிய சாகல.”

“யாரு?”

“ஒங்க பட்டாளத்தய்யாதான். அவிய அங்கன எங்க ஊருக்கு வந்துட்டாவ.”

பந்தலில் ஒரு சலசலப்பு. அண்ணாச்சி என்னைப் பார்த்து, “சாமிக்கு என்ன படைப்பீய?” என்று கேட்டார்.

“கம்மஞ்சோறு.”

“தொட்டுக்க?”

“சுட்ட கருவாடு.”

“எங்களுக்கும் அதேதான். எங்க கல்லுலயும் நொட்டாங்கைலதான் வாளு. வடக்க இருந்து, கோட்டைச் சண்டைக்குப் போன எடத்துல இருந்து வந்தாருன்னு எங்க அப்பா சொல்லுவாவ. அதான் வந்தாரய்யா. மொதக் குண்டுச் சத்தம் கேட்டதுமே கெளம்பிட்டாராம். ரெண்டாவது குண்டு விழும்போது வைப்பாத்தைத் தாண்டிட்டாராம்.”

கூட்டம் குபீரென்று சிரித்தது. அண்ணாச்சிக்கு ஒரு வெட்கமும் இல்லை. “எதுக்குச் சிரிக்கீய? அவிய ஓடி வரலேன்னா நாங்க ஏது? ஊரு திரும்புனா கேவலம்னு எங்க ஊருலயே ஒரு பொண்ணைக் கட்டி உக்காந்துட்டாவ. அவளுக்குப் பொறந்த பையனோட வம்சந்தான் நாங்க” என்றார்.

என் நெஞ்சில் குண்டு பாய்ந்தது அப்போதுதான். ஆனால் அந்த வலியையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கிற்று பாருங்கள், அதை எப்படிச் சொல்ல? காணாமல் போன கிளை கிடைத்துவிட்டது! எந்தக் குழுவில் எவனுக்குக் கிடைத்திருக்கிறது இப்படி? கொஞ்சம் மூளை உள்ளவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் தாவிப் போய் அண்ணாச்சியைக் கட்டிப் பிடித்தேன். மைக் கையிலேயே இருந்தது.

“அண்ணாச்சி! அப்போ நாம பங்காளி!”

‘பங்காளி… காளி… ளி…’ என்று வேப்பமரம் எதிரொலித்தது.

யாரும் சிரிக்கவில்லை. கேசரி தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மதினி கையிலிருந்த தாம்பூலத் தட்டு டணாரென்று விழுந்து, தேங்காய் உருண்டு போய் மாப்பிள்ளையின் காலடியில் நின்றது. முத்து எழுந்து நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “பங்காளின்னா, பொண்ணும் மாப்ளையும் அண்ணன் தங்கச்சில்லா ஆகுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதுதான்.

“ஏ கொழுந்தா!” என்று மதினி கத்தினார். வழக்கமாகத் தம்பி என்பார். “ஒமக்கு என் புள்ள என்னய்யா பாவம் செஞ்சுது? செவனேன்னு உரத்தை வித்துட்டுக் கெடக்கக் கூடாதா?”

அடித்துப் பிடித்துப் பின்வாங்க ஆரம்பித்தேன். (முதல் குண்டுக்கே. ரத்தம் பேசுகிறது என்று நினைத்தேன்.) “இல்ல அண்ணாச்சி, அது வேற ஆளா இருக்கும். நாட்டுல நொட்டாங்கைக்காரன் எத்தனையோ பேரு.”

“கருவாடு?”

“கருவாட்டை யாரு திங்கல?”

“இப்பதானே மைக்ல ஆதாரம் ஆதாரம்னீய?”

வருஷம் முழுக்க நிரூபிப்பதற்கு அலைந்ததை ஒரு நிமிஷத்தில் இல்லையென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. என் பேச்சை நம்பாதீர்கள், நான் ஒரு பொய்யன், அந்தக் குண்டுகூட ஆட்டுக்கல் குழவிதான் என்று கெஞ்சினேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு பந்தக்காலில் சாய்ந்திருந்தார். அந்தப் பக்கம் யாரோ வேன்காரருக்குக் கை காட்டுவது தெரிந்தது. சண்டை ஒன்றும் இல்லை, கோபம்கூட இல்லை. முறை இல்லை என்றால் இல்லை, அதில் கோபப்பட என்ன இருக்கிறது? அதுதான் பயமாக இருந்தது. கோபம் என்றால் காலில் விழுந்து சரிக்கட்டலாம்.

செல்வி வெளியே வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, அழுது சிவந்த கண். அவளைப் பார்த்ததும் எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை.

“சித்தப்பா, ஒங்க ஆராய்ச்சில ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பட்டாளத்தய்யா இங்கன விட்டுட்டுப் போனது மகனையா?”

“மகனாத்தாம்மா இருக்கணும். நாம இருக்கோமே.”

“பேரு?”

நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். என் மீசைக்கு நேர் கீழே, ‘மகன் (பெயர் கிடைக்கவில்லை)’ என்று நானே போட்டிருந்தேன்.

“மகன் வழின்னா மகன்தானே வெளக்கு ஏத்தணும்? அப்பாவும் நீங்களும் இருக்கும்போது நான் எதுக்கு ஏத்துதேன்? அதுக்கு முன்னாடி அத்தை எதுக்கு ஏத்துனாவ?”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்க கல்லுக்கு நேர நிக்காம ஒதுங்கி, வேட்டிய எறக்கி விட்டுட்டு நிப்பீயளே. வேற யாரு முன்னாடி அப்படி நிப்பீய?”

அண்ணன் யோசித்தார். அன்றைக்கு முழுக்க அவர் பேசிய ஒரே உருப்படியான வார்த்தை அது. “எங்க மாமனாரு முன்னாடி.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மதினியின் அப்பா, ‘ஆமா’ என்று தலையை ஆட்டினார்.

“வீட்டுக்கு வந்தா துண்டு எடுத்துக் குடுக்கிறது யாரு?”

“மாமனாருதான்.”

“அப்ப நாம அவருக்கு மகன் வழி இல்லப்பா. மக வழி. பொண்ணைத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு. அதுக்கு ஒரு வீட்டோட மாப்ள வந்திருக்காரு. மாமனாருக்கு மரியாதை செஞ்சிட்டு இருந்திருக்காரு, அதையே நீங்களும் செய்யுதீய.”

முதலில் துள்ளியது மதினிதான். “அதான பார்த்தேன்! வாக்கப்பட்டு வந்தவளுக்கும் அவருக்கும் என்ன ஒட்டு? அதான் இத்தனை வருஷமா என்னைய வெளக்குக்கிட்ட விடல!” அந்த நெருக்கடியிலும் ஒரு பழைய புண் ஆறிய நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆறுமுகம் அண்ணாச்சி நின்றபடியே செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“எங்க கோயில்ல படையல் அன்னைக்கு ஒரு எலை தனியாப் போடுவோம்மா. சாமிக்குப் பக்கத்துல. கண்ணாடி வளையலு, பூவு, மஞ்சத்துண்டு வச்சு, கம்மஞ்சோத்தைச் சின்ன உருண்டையா உருட்டி வைப்போம். யாரும் அதைத் தொட மாட்டோம். யாருக்குன்னு எங்க அப்பாட்ட கேட்டிருக்கேன். விட்டுட்டு வந்த புள்ளைக்குன்னு சொல்லுவாவ. எந்தப் புள்ளைன்னு அவியளுக்கே தெரியாது.”

வளையல் என்றால் பெண் பிள்ளைதான். சின்ன உருண்டை என்றால் சின்னப் பிள்ளை. பந்தலில் பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் ஆராய்ச்சியில் அந்த மனிதன் குதிரையை மறித்தான், வாளைச் சுழற்றினான், சிரித்துக்கொண்டே செத்தான். அவனுக்கு ஒரு மகள் இருக்கலாம் என்று மட்டும் ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

“அப்ப நாங்க மாமன் வீடு, நீங்க அத்தை வீடு” என்றார் அண்ணாச்சி, மூக்கைச் சிந்திவிட்டு. “கூடப் பொறந்தவ வீட்டுப் பொண்ணு. எங்களுக்கு வர வேண்டிய பொண்ணுதான். முறை கனகச்சிதமா வருது.”

தலைமுறைக் கணக்கும் ஒத்து வருகிறதா என்று யாரோ என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மதினி தேங்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செல்வி என்னிடம் வந்து, “மைக்ல சொன்னதை மைக்லயே மாத்திச் சொல்லுங்க சித்தப்பா. ஊரு பூராக் கேட்டிருக்கு” என்றாள்.

சொன்னேன். பத்தடி உயரத்தில் வாளோடு நின்ற என் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னேன். “பெரியோர்களே. சற்று முன் சொன்னதில் ஒரு திருத்தம். நாங்கள் படைவீரரின் பரம்பரை இல்லை. வீட்டோட மாப்பிள்ளையின் பரம்பரை. பங்காளி இல்லை, மாமன் மச்சான்.” ஊரின் அந்தக் கடைசியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். தட்டு கைமாறியது.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டால், ஒரு துண்டும் ஓர் இலையும்தான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நானே வெளியேறிவிட்டேன். மனைவியின் தகப்பனாருக்குப் பயந்து நின்றவரைப் பற்றி அங்கே யாரும் எழுதுவதில்லை. ஃப்ளெக்ஸை அண்ணன் மக்காச்சோளக் குவியலை மூட எடுத்துக்கொண்டார். என் முகம் வானத்தைப் பார்த்து மழையில் நனைந்துகொண்டு கிடந்தது.

கல்யாணம் முடிந்து அடுத்த பங்குனிக்கு எங்கள் எல்லாரையும் அவர்கள் ஊருக்கு அழைத்தார்கள். உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்கிற ஒரு பொட்டலில் வந்தாரய்யா நிற்கிறார். அதே மீசை, அதே இடது கை. பக்கத்தில் அந்தச் சின்ன இலையைப் போட்டார்கள். வளையல், பூ, மஞ்சள், உருண்டை. முத்துவின் அம்மா செல்வியின் கையைப் பிடித்து அழைத்துவந்து, “உக்காரு தாயி” என்றார். “எனக்கா அத்தை?” என்றாள் செல்வி. “வேற யாருக்கு?” என்றார் அவர்.

செல்வி உட்கார்ந்தாள். யாரும் தொடாத அந்த இலையில் கம்மஞ்சோற்றை எடுத்து, ஒரு வாய் கருவாட்டோடு தின்றாள். அவளுக்கு அழுகையும் வந்தது, கருவாட்டு முள்ளும் மாட்டியது, இருமினாள். அண்ணன் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். எனக்கு அப்படி ஒரு அழுகை வந்தது. குண்டுக்குப் பயந்து ஓடிய மனிதனை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. உணர்ச்சிவசப்பட்டு, இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போனேன்.

ஆறுமுகம் அண்ணாச்சி என் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டு, காதோரமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “வேட்டிய எறக்கி விடுங்க மாப்ள. மாமனாரு பாக்காரு.”

குனிந்து பார்த்தேன். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து நான் எங்கே வாயைத் திறந்தாலும் இதுதான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் மந்திரம். கல்யாண வீட்டில், கடையில், போனில்கூட. பேன்ட் போட்டிருந்தாலும் விடுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் மதினிக்குத்தான் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். ஓர் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, “எப்படி இருக்கு மதினி?” என்றேன்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீரு” என்றார். “வேட்டிய எறக்கி விடும்.”